கணக்கும் பெயரும்: சுவிஸ் வங்கி மேசைக்கு முன்னால் மூன்று பேர்

சுவிஸ் பேங்க் என்பது தமிழில் ஒரு நாட்டு வங்கியைக் குறிக்கும் சொல்லாக இல்லை, வசவாகத்தான் இருக்கிறது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் கூட்டமேடையிலும் ஒருவரைத் திருடன் என்று நேரே சொல்ல முடியாதபோது, 'அவருக்கென்னப்பா, சுவிஸ் பேங்க்ல போட்டு வச்சிருக்காரு' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். 1987இல் போஃபர்ஸ் பீரங்கி விவகாரம் வெடித்து, லோட்டஸ், டியூலிப், மாண்ட் பிளாங்க் என்று பூவும் மலையுமாகச் சங்கேதப் பெயர்கள் பத்திரிகைகளில் அடிபட்டன. 2014 தேர்தலை ஒட்டி, வெளிநாட்டுக் கறுப்புப் பணம் திரும்பி வந்தால் ஆளுக்கு 15 லட்சம் என்று மேடைப் பேச்சு எழுந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பேச்சுகளில் பணம்தான் கதாநாயகன். எவ்வளவு, யாருடையது, எப்போது வரும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

நான் பணத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பெயரைப் பார்க்க விரும்புகிறேன். ஓர் ஆள் தன் நாட்டில் இருந்துகொண்டு வேறொரு நாட்டில் கணக்குத் திறப்பது என்றால் என்ன? தன்னைத் தெரியாத ஊரில், தன்னைத் தெரியாத ஒருவரிடம், 'நான் இன்னார்' என்று சொல்லி நம்ப வைப்பதுதான். வங்கிக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட்டால் கணக்குத் திறக்கலாம் என்ற காலம் நம் ஊரிலும் இருந்தது. எல்லை தாண்டிவிட்டால் அந்த அறிமுகக்காரர் இல்லை. அப்போது யாருடைய சொல் செல்லுபடியாகிறது, யாருடைய சொல் செல்லாக்காசாகிறது? சுவிஸ் வங்கிகளின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு இந்தக் கேள்விக்கு வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு விதமாக நடந்துகொண்ட வரலாறு. மூன்று வகை ஆட்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

1

முதலில் ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. ஹிட்லரின் ரகசியப் போலீசிடமிருந்து யூதர்களின் சேமிப்பைக் காப்பாற்றத்தான் சுவிட்சர்லாந்து வங்கி ரகசியச் சட்டத்தை இயற்றியது என்று வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. நல்ல கதை. கேட்பதற்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதை பரவத் தொடங்கியதே 1966இல் ஒரு பெரிய சுவிஸ் வங்கி வெளியிட்ட செய்தி மடலுக்குப் பிறகுதான் என்று செபாஸ்டியன் கெக்ஸ் என்ற சுவிஸ் வரலாற்றாசிரியர் காட்டியிருக்கிறார். அமெரிக்க வரி அதிகாரிகள் சுவிஸ் ரகசியத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. புகாருக்குப் பதிலாக ஒரு புனிதக் கதை தேவைப்பட்டது.

நடந்தது வேறு. 1932 அக்டோபர் 26ஆம் தேதி பாரிஸில் பாஸ்லர் ஹாண்டல்ஸ்பாங்க் என்ற சுவிஸ் வங்கியின் ஆட்கள் வாடிக்கையாளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்துக்குள் போலீஸ் புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பணக்காரர்களின் பெயர்கள் சிக்கின. நாடாளுமன்ற உறுப்பினர்கள், தளபதிகள், பிஷப்புகள், பத்திரிகை முதலாளிகள் என்று தேசபக்தியின் மொத்த உருவங்களும் அதில் இருந்தார்கள். நவம்பர் 10 அன்று ஃபாபியன் அல்பெர்த்தேன் என்ற சோசலிஸ்ட் உறுப்பினர் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் சில பெயர்களை எழுந்து நின்று வாசித்தார். அவ்வளவுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் மிரண்டார்கள், பணம் வெளியேறியது. ஏற்கெனவே பொருளாதார நெருக்கடியில் தள்ளாடிக்கொண்டிருந்த சுவிஸ் வங்கிகள், அரசு கண்காணிப்பை ஏற்றுக்கொள்வதென்றால் ரகசியத்துக்கும் சட்டக் காவல் வேண்டும் என்றன. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு மாதமே, 1933 பிப்ரவரியில், வரைவு தயாராக இருந்தது. யூதர்களைக் காப்பாற்ற அதற்குள் யாரும் யோசித்திருக்கவில்லை. 1934 நவம்பர் 8இல் சட்டம் நிறைவேறியது. அதன் 47ஆம் பிரிவு, வாடிக்கையாளரின் ரகசியத்தை வெளியிடும் வங்கி ஊழியரைக் குற்றவாளி ஆக்கியது. முன்பும் ரகசியம் இருந்தது, ஆனால் அது நஷ்டஈடு கேட்கும் சிவில் விவகாரம். இப்போது அது ஜெயில் விவகாரம்.

ஆக, பெயரை மறைக்கும் உரிமை வரி கட்ட மனமில்லாத பிரெஞ்சு மேட்டுக்குடியின் பொருட்டுச் சட்டமானது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நாமும் ஒரு எளிய கதையைத்தான் சொன்னவர்களாவோம். அந்தக் கதவு ஒரு தேவைக்காகத் திறக்கப்பட்டிருந்தாலும் வேறொரு தேவையோடு வந்தவர்களும் அதன் வழியே நுழைந்தார்கள்.

2

1930களில் ஜெர்மனியிலும் போலந்திலும் ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் இருந்த யூதக் குடும்பங்கள் பல சுவிட்சர்லாந்தில் கணக்கு வைத்திருந்தன. எல்லோரும் கோடீஸ்வரர்கள் அல்லர். துணி வியாபாரி, டாக்டர், சிறு ஆலை முதலாளி, மகளின் படிப்புக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்தவர். வியாபாரமாகப் போனபோது நேரில் திறந்தவர்கள் உண்டு. வக்கீல் மூலமாக, சுவிட்சர்லாந்தில் இருந்த உறவினர் பெயரில், இடைத்தரகர் வழியாகத் திறந்தவர்களும் உண்டு. மாதிரிக் கையெழுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம், இவற்றோடு பலர் கொடுத்த இன்னொரு குறிப்பு: 'என் வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பாதீர்கள். வங்கியிலேயே வைத்திருங்கள்.'

இந்தக் குறிப்பின் கனம் தெரிய வேண்டுமென்றால் அன்றைய ஜெர்மன் சட்டங்களைப் பார்க்க வேண்டும். 1931 முதலே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்தது, நாட்டை விட்டு வெளியேறுகிறவரின் சொத்தில் கால் பங்கைப் பிடுங்கும் வரியும் இருந்தது. 1933 ஜூன் சட்டம் வெளிநாட்டுச் சொத்தை அறிவிக்காததைத் துரோகமாக்கியது. 1936 டிசம்பர் சட்டம் சொத்தை வெளிநாட்டில் பதுக்குவதற்கு மரண தண்டனை வரை போனது. 1938 ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. சூரிச்சிலிருந்து வரும் ஒரு தபால் உறை உயிரையே வாங்கிவிடக்கூடும். இவர்களுக்கு ரகசியம் என்பது சொகுசு இல்லை, உயிர்.

அந்த உயிர் எவ்வளவு தூரம் காக்கப்பட்டது? இதைப் பற்றி சுவிஸ் நாடாளுமன்றமே 1996இல் அமைத்த, ஜான்-ஃபிரான்சுவா பெர்ஜியே தலைமையிலான வரலாற்றாசிரியர் குழு விரிவாக எழுதியிருக்கிறது. கணக்குக்காரரை நாஜிகள் மிரட்டிக் கடிதம் எழுத வைப்பார்கள்: என் பத்திரங்களை இன்ன ஜெர்மன் வங்கிக்கு மாற்றுங்கள். சுவிஸ் வங்கி மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கையெழுத்து பொருந்தும். பொருந்தாமல் என்ன செய்யும், அவரே போட்டதுதானே. பணம் போய்விடும். கையெழுத்து அசலா என்பதுதான் வங்கியின் கேள்வி. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் துப்பாக்கி இருந்ததா என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. மாற்ற மறுத்த சந்தர்ப்பங்களும் இருந்தன. ஆனால் வங்கிகள் பலவும் வாடிக்கையாளரின் ஆணையை நிறைவேற்றுவதாகச் சொல்லிக்கொண்டே நாஜி அரசின் ஆணையை நிறைவேற்றின.

போர் முடிந்த பிறகு வாரிசுகள் வந்தார்கள். இப்போது வங்கி கேட்டது: அப்பா இறந்ததற்குச் சான்றிதழ் இருக்கிறதா? கணக்கு எண் தெரியுமா? நீங்கள்தான் வாரிசு என்பதற்கு நீதிமன்றத் தாள் எங்கே? ஆஷ்விட்ஸில் முகாம் எண் குத்திப் பதிவு செய்யப்பட்ட கைதிகள் பலருக்கு மரணப் பதிவேடு இருந்தது. ரயிலிலிருந்து இறங்கிய அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களுக்கு அதுவும் கிடையாது. கொன்றவன் ரசீது கொடுக்கவில்லை. 1946இல், போலந்தில் மஜ்தானெக் முகாமில் கொல்லப்பட்ட தன் தந்தையின் கணக்கைக் கேட்டு கிரெடிட் சுவிஸின் படியேறிய மகள் ஒருவரிடம் இந்தச் சான்றிதழ்தான் கேட்கப்பட்டது. அவரோடு அந்த வங்கி உடன்பாட்டுக்கு வந்தது 1998இல். நடுவில் 52 ஆண்டுகள்.

இங்கே ரகசியம் தலைகீழாகத் திரும்பியதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளரை அரசிடமிருந்து மறைக்க என்று எழுதப்பட்ட பிரிவு, இப்போது வாடிக்கையாளரின் மகளிடமிருந்து வாடிக்கையாளரை மறைத்தது. 'உங்கள் அப்பாவுக்கு இங்கே கணக்கு இருந்ததா என்பதையே சொல்ல முடியாது, சட்டம் அப்படி.' பத்து ஆண்டுகளுக்கு மேல் தாள்களை வைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது இன்னொரு சட்டம். கேட்பாரற்ற கணக்குகளிலிருந்து ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கழிக்கப்பட்டது. வீட்டுக்கு அனுப்பாமல் வங்கியிலேயே வைத்திருந்த கடிதங்களுக்கும் கட்டணம். சிறு கணக்குகள் கட்டணத்தாலேயே தின்னப்பட்டு மூடப்பட்டன. 1949இல் சுவிஸ் அரசு போலந்தோடு போட்ட உடன்பாடு இன்னும் விசித்திரம். வாரிசில்லாத போலந்துக் குடிமக்களின் கணக்குப் பணம் போலந்து அரசுக்குப் போகும். அது, போலந்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட சுவிஸ்காரர்களின் சொத்துக்கு நஷ்டஈடாகத் திரும்பி வரும். செத்தவர்களின் காசில் உயிரோடு இருப்பவர்களின் கடனைத் தீர்த்துக்கொண்டார்கள். இப்படி ஏற்பாடு செய்தது சோசலிச அரசு ஒன்றும் முதலாளிய அரசு ஒன்றும் சேர்ந்து என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

எண்களும் பேசுகின்றன. 1962இல் அரசு ஆணையிட்டுக் கணக்கெடுத்தபோது கேட்பாரற்ற சொத்து ஏறத்தாழ 95 லட்சம் ஃபிராங்க் என்றார்கள். 1996 பிப்ரவரியில் வங்கிகளின் சங்கம் 775 கணக்குகள், 3 கோடியே 87 லட்சம் ஃபிராங்க் என்றது. பிறகு பால் வோல்க்கர் தலைமையில் வெளித் தணிக்கையாளர்கள் உள்ளே புகுந்தார்கள். 1933 முதல் 1945 வரை இருந்த ஏறத்தாழ 68 லட்சம் கணக்குகளில் 41 லட்சத்துக்குத்தான் ஏதேனும் பதிவு மிஞ்சியிருந்தது. அதிலிருந்தே, நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களோடு தொடர்பு இருக்கக்கூடிய 53,886 கணக்குகளை 1999 டிசம்பர் அறிக்கை சுட்டிக்காட்டியது. வங்கிகள் எல்லாம் கூடிச் சதி செய்ததற்குச் சான்றில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எனக்கு இது இன்னும் அச்சமூட்டுகிறது. சதி தேவைப்படவில்லை, வழக்கமான அலுவலக நடைமுறையே போதுமானதாக இருந்தது.

1997 ஜூலையில் வங்கிகள் பெயர்ப்பட்டியலை உலகப் பத்திரிகைகளில் விளம்பரமாக வெளியிட்டன. ஆள் கிடைக்கவில்லை என்றுதானே இத்தனை காலம் சொன்னார்கள்? பட்டியலில் ஒரு பெயர், அப்போது பெர்ன் நகரில் சுவிட்சர்லாந்துக்கான அமெரிக்கத் தூதராகவே இருந்த மேடலின் குனினின் தாயுடையது. சூரிச்சில் பிறந்தவர், அமெரிக்காவில் ஒரு மாநில ஆளுநராக இருந்தவர். அவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். அதே ஆண்டு ஜனவரியில், கிறிஸ்டோஃப் மைலி என்ற இரவுக் காவலாளி யூனியன் பாங்க் ஆஃப் சுவிட்சர்லாந்தில் அரைத்துப் போட வைத்திருந்த பழைய பதிவேடுகளைப் பார்த்து எடுத்து வெளியே கொடுத்தார். ஆவணங்களை அழிக்கக் கூடாது என்ற அரசு ஆணை முந்தைய மாதம்தான் வந்திருந்தது. விசாரணை பாய்ந்தது யார்மேல்? மைலி மேலும். வங்கி ரகசியத்தை மீறினாராம். அவர் அமெரிக்காவில் தஞ்சம் புக வேண்டியதாயிற்று. 1998 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்ற வழக்கில் 125 கோடி டாலருக்கு வங்கிகள் உடன்பட்டன.

3

இந்த வாரிசுகள் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே நகரில், வேறொருவர் கணக்குத் திறந்தார். 1968 மார்ச். சூரிச், கிரெடிட் சுவிஸ். கணக்குக்காரரின் பெயர் வில்லியம் சாண்டர்ஸ். அவர் மனைவிக்கு ஜேன் ரயன். இப்படி இருவர் உலகத்தில் இல்லை. இருந்தவர்கள் பிலிப்பைன்ஸ் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸும் இமெல்டா மார்கோஸும். மாதிரிக் கையெழுத்துப் படிவத்தில் பொய்ப்பெயரும் அசல் பெயரும் சேர்ந்தே எழுதப்பட்டன. அதாவது வங்கி ஏமாற்றப்படவில்லை. சாண்டர்ஸ் யார் என்று அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டு, ஒரு நாட்டின் அதிபருக்கு இன்னொரு பெயர் வழங்கியது.

நம்மூரில் இதற்குப் பினாமி என்று பெயர். ஆனால் நம் பினாமி என்பவர் பெரும்பாலும் மச்சினனோ டிரைவரோ, ரத்தமும் சதையுமாக இருக்கிற ஆள், நாளைக்கு மாறிவிடக்கூடும். சூரிச்சில் அந்தத் தொல்லை இல்லை. பிற்பாடு சாண்டர்ஸுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு லிக்டென்ஸ்டைன் நாட்டு அறக்கட்டளைகளின் பெயரில் பணத்தை மாற்றினார்கள். அஸியோ, வெர்சோ, விபுர், ரோஸாலிஸ், அவெர்தினா. அர்த்தமில்லாத இந்தச் சொற்களுக்கு இறப்பும் இல்லை, வாரிசும் இல்லை. இறப்புச் சான்றிதழும் யாரும் கேட்கப்போவதில்லை.

1972 செப்டம்பரில் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். சிறை, சித்திரவதை, காணாமல் போனவர்கள். 1986 பிப்ரவரியில் மக்கள் தெருவில் இறங்கி அவரை விரட்டினார்கள். மறுமாதமே சுவிஸ் அரசு கணக்குகளை முடக்கியது. அதற்குப் பிறகு 17 ஆண்டுகள் வழக்கு. 2003 ஜூலை 15இல் பிலிப்பைன்ஸ் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது ஒரு சுலபமான கழித்தல் கணக்கைப் போட்டது. அத்தனை ஆண்டுப் பதவியில் தம்பதியரின் முறையான சம்பள வருமானம் 3,04,372 டாலர். சுவிஸ் அறக்கட்டளைக் கணக்குகளில் இருந்தது 65 கோடியே 80 லட்சம் டாலர். அது அரசுடைமை ஆயிற்று.

இந்தக் கழித்தலை 1968இல் வங்கியும் போட்டிருக்கலாம். ஓர் அதிபரின் சம்பளம் என்ன என்பது ரகசியமில்லையே. கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் வங்கி விற்றுக்கொண்டிருந்தது. 1977இல் கிரெடிட் சுவிஸின் கியாஸ்ஸோ கிளையில் பெரும் ஊழல் வெளியான பிறகு, வாடிக்கையாளர் யாரென்று விசாரிப்போம் என்று சுவிஸ் வங்கிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. அதிலும் ஒரு சந்து இருந்தது. உண்மையான சொந்தக்காரர் யார் என்று சொல்லாமலே, 'எனக்கு அவரைத் தெரியும், தப்பான ஆள் இல்லை' என்று சுவிஸ் வக்கீல் ஒருவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் போதும். 1991வரை இந்தப் படிவம் செல்லுபடியானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொல்லப்பட்டவரின் மகள், 'நான் அவர் மகள்' என்று சொன்ன சொல் செல்லவில்லை. யாரென்றே சொல்லாத ஒருவருக்காக வக்கீல் சொன்ன சொல் செல்லுபடியாயிற்று.

கதை இன்னும் முடியவில்லை. மீட்ட பணத்திலிருந்து 1,000 கோடி பெசோவை ஒதுக்கி, மார்கோஸ் ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர 2013இல் பிலிப்பைன்ஸில் சட்டம் வந்தது. 75 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். ஏற்கப்பட்டவை 11,103. தான் சித்திரவதை செய்யப்பட்டதை, தன் மகன் காணாமல் போனதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மறுபடியும் பாதிக்கப்பட்டவர் தலையில். போலி மனுக்களும் வரும், விசாரிக்கத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பணத்தை எடுத்தவருக்குப் பொய்ப்பெயரே போதுமானதாக இருந்தது, அதைத் திரும்பப் பெறுகிறவருக்கு அசல் பெயரும் போதவில்லை என்பது வெறும் நிர்வாகக் கோளாறு அல்ல.

சர்வாதிகாரியின் வாரிசுகளுக்கு இந்தப் பாடு உண்டா? ஜயரில் 1997இல் தூக்கியெறியப்பட்ட மொபுட்டுவின் சுவிஸ் சொத்து 12 ஆண்டுகள் முடக்கப்பட்டிருந்தது. 2009இல் காலக்கெடு கடந்துவிட்டதென்று சட்டம் கைவிரித்தது. ஏறத்தாழ 77 லட்சம் ஃபிராங்க் அவருடைய வாரிசுகளிடமே போய்ச் சேர்ந்தது. இந்த அவமானத்துக்குப் பிறகுதான், இப்படிப்பட்ட பணத்தைப் பறிமுதல் செய்வதை எளிதாக்கும் சட்டத்தை சுவிட்சர்லாந்து இயற்றி 2011இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

4

மூன்றாவது ஆள், கணக்கைத் தானாகத் திறக்காதவர். அவருக்காக அரசே திறந்து வைக்கும் கணக்கு இது.

1938 இலையுதிர் காலத்தில் சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. ஜெர்மன் யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பாக ஓர் எழுத்து, 'ஜே', குத்தப்பட்டது. எல்லையில் யாரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது சுவிஸ் அதிகாரிகளுக்குச் சட்டென்று தெரிய வேண்டும். 1995இல் சுவிஸ் அதிபர் காஸ்பர் வில்லிகர் இதற்காக மன்னிப்புக் கேட்டார். வங்கி ரகசியச் சட்டம் வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பணத்தோடு வருகிற பெயரை மறைப்பதும் உடம்போடு வருகிற பெயருக்கு முத்திரை குத்துவதும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் நடந்தன. இரண்டும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. எது உள்ளே வரலாம், எது வரக் கூடாது என்று பிரிக்கும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள் அவை.

எப்படியோ உள்ளே வந்துவிட்ட அகதிகளின் பணமும் நகையும் என்ன ஆயிற்று? 1943 மார்ச் ஆணைப்படி அவை வாங்கி வைக்கப்பட்டு, சுவிஸ் ஃபோல்க்ஸ்பாங்க் என்ற வங்கியின் நிர்வாகத்தில் விடப்பட்டன. அகதியின் பெயரில் கணக்கு உண்டு. எடுக்க அனுமதி வேண்டும். முகாமில் சோறு போட்ட செலவு அதில் கழித்துக்கொள்ளப்படும்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் வருகிறார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு ஈழத்திலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் கேட்டார்கள். ஓட்டல் சமையலறைகளில் கோப்பை கழுவினார்கள், ஆஸ்பத்திரிகளைத் துடைத்தார்கள். 1990களில், வேலை செய்த தஞ்சக் கோரிக்கையாளர் எந்த நாட்டவராயிருந்தாலும் அவர் சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கப்பட்டு அவர் பெயரிலேயே ஒரு பாதுகாப்புக் கணக்கில் போடப்பட்டது. கணக்கு அவருடையது. காசோ, அவருக்கு அரசு செய்த செலவுக்கும் நாளை அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் ஆகும் செலவுக்கும் ஈடு. 2008இல் இது தனி வரியாக உருமாறியது, 2018இல் அதுவும் ஒழிந்தது. சுவிஸ் வங்கியில் கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மந்திரிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கோப்பை கழுவிய அந்தப் பையனுக்கும் சுவிட்சர்லாந்தில் ஒரு கணக்கு இருந்தது. அதில் ரகசியம் மட்டும் இல்லை.

5

இன்று இதெல்லாம் பழங்கதை என்று சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். வங்கி ரகசியத்தைத் தளர்த்தும் முன்மொழிவை 1984 வாக்கெடுப்பில் 73 சதவீத சுவிஸ் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். உள்நாட்டு இடதுசாரிகளால் முடியாததை அமெரிக்க வரித்துறை சாதித்தது. 2009இல் யுபிஎஸ் 78 கோடி டாலர் அபராதம் கட்டி, ஆயிரக்கணக்கான அமெரிக்கக் கணக்குக்காரர்களின் பெயர்களைக் கொடுத்தது. 2018 முதல் சுவிட்சர்லாந்து வெளிநாட்டவர் கணக்கு விவரங்களை அவரவர் நாட்டு வரித்துறைக்குத் தானாகவே அனுப்புகிறது. 2019இல் இந்தியாவுக்கும் முதல் தொகுதி வந்தது. சாண்டர்ஸுக்குக் கணக்குத் திறந்த கிரெடிட் சுவிஸ் 2023இல் அதே யுபிஎஸ்ஸுக்குள் கரைந்துபோயிற்று.

ஆனால் 'யாருப்பா நீ?' என்று கேட்கும் அதிகாரம் கரையவில்லை, பெருகியிருக்கிறது. எல்லா வங்கியும் எல்லோரையும் கேட்கிறது. பாஸ்போர்ட், முகவரிச் சான்று, வருமானச் சான்று, வரி எண். பணமுள்ளவர் வக்கீலையும் கணக்காளரையும் வைத்து, தீவுகளில் பதிவு செய்த கம்பெனிகளை அடுக்கி, கேட்கிற தாள்களையெல்லாம் கட்டுக்கட்டாகத் தருகிறார். தாளில்லாதவர் வாசலிலேயே நிற்கிறார். அமெரிக்காவின் 2010 வரிச் சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்காவில் பிறந்தோம் என்பதைத் தவிர அந்த நாட்டோடு தொடர்பே இல்லாத சாதாரண ஐரோப்பியர்களைக்கூட அவர்கள் ஊர் வங்கிகள் தொல்லை என்று தள்ளின. தஞ்சம் கோருவோருக்கும் நிலையான முகவரி இல்லாதவர்க்கும் அடிப்படைக் கணக்கு உரிமை உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கணக்கில்லாமல் வாடகை கட்ட முடியாது, சம்பளம் வாங்க முடியாது என்றாகிவிட்ட சமூகத்தில், கணக்கு மறுப்பது ஒருவகையில் ஆளையே மறுப்பது. தானியங்கித் தகவல் பரிமாற்றமும் பதிலுக்குத் தகவல் தரும் ஏற்பாடு உள்ள நாடுகளுக்கே. கொள்ளையடிக்கப்பட்ட ஏழை நாடுகள் பல அதற்கு வெளியே நிற்கின்றன.

ஆகவே, ரகசியம் கெட்டது, வெளிப்படைத்தன்மை நல்லது என்ற எளிய வாய்பாட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. 1936இல் பெர்லினில் இருந்த ஒரு யூத டாக்டருக்கு முழு வெளிப்படைத்தன்மை என்றால் மரணம். இன்றும் அரசால் வேட்டையாடப்படும் ஓர் ஆளுக்கு, இயக்கத்துக்கு, சிறுபான்மைக்குப் பெயரை மறைக்கும் தேவை இருக்கிறது. நம்மில் புனைபெயரில் எழுதியவர்களுக்கு இது தெரியாததல்ல. பெயரற்றிருப்பது பலவீனர்களின் தற்காப்பு. அதை வங்கிகள் விற்பனைச் சரக்காக்கி, வலியவர்களுக்கு விற்றன. பலவீனர்களிடமோ பெயரைக் கேட்டன. பெயரைச் சொன்னால் தாளைக் கேட்டன. தாளைக் கொடுக்க வேண்டிய அரசே அவர்களைக் கொன்ற அரசு என்பதைக் கண்டுகொள்ள மறுத்தன.

நம் ஊர் விவாதம் 'கறுப்புப் பணத்தைக் கொண்டு வா' என்ற கோஷத்தோடு நின்றுபோவது இதனால்தான் போதாது என்கிறேன். கொண்டுவர வேண்டியதுதான், மார்கோஸ் பணம் திரும்பியது. ஆனால் அந்தக் கோஷம் அரசைத் தூய கையாகவும் வெளிநாட்டு வங்கியை மட்டும் கள்ளக் கையாகவும் காட்டுகிறது. நம் அரசுகளுக்கு அது வசதியாகவும் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி: நிரூபிக்கும் சுமை யார்மேல் வைக்கப்படுகிறது? சம்பளத்தைவிடப் பல நூறு மடங்கு பணம் வைத்திருக்கும் அதிபர் அது எப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்பதா, அப்பா செத்தார் என்று மகள் நிரூபிக்க வேண்டும் என்பதா? மணிலா நீதிமன்றத்தின் கழித்தல் கணக்கும், வங்கிகளின் பதிவேடுகளுக்குள் தணிக்கையாளர்கள் புகுந்து வங்கியே தேடட்டும் என்று வைத்ததும், அந்தச் சுமையை இடம் மாற்றிய இரண்டு சந்தர்ப்பங்கள். இரண்டும் வங்கிகளின் மனமாற்றத்தால் வந்தவை அல்ல. ஒன்று தெருவில் இறங்கிய மக்களால் தொடங்கியது. மற்றது, கிழவிகளாகிவிட்ட மகள்கள் ஐம்பது ஆண்டுகள் விடாமல் கேட்டதால் வந்தது. ரேஷன் கடையிலிருந்து குடியுரிமைப் பதிவேடு வரை தாளைக் காட்டு என்று நிற்கவைக்கப்படும் நம் மக்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான்: 'நீ யார்' என்று கேட்பவரிடம், 'அதைக் கேட்க நீ யார்' என்று திருப்பிக் கேட்பதும் ஓர் அரசியல் செயல்பாடே.